ரெய்டு போட்டால் போதுமா?

வணக்கம் சார்,

பழைய சிறுபத்திரிகைகளை நண்பர்கள் சேர்ந்து ஸ்கேன் செய்து வருகிறோம். 6 டிபி சேர்ந்துவிட்டது. அலுவலகத்துக்கு ஒரு சர்வர் வாங்கப்போகிறோம். ஹார்ட் டிஸ்க், அதைவிட வேகமான சாட்டா எஸ்எஸ்டி, இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி, இவற்றில் எது நல்லது? எந்த பிராண்டு? நெட்வொர்க் ஒரு கிகாபிட்தான். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு 5 முறையைப் போட்டால் தனியாக பேக்கப் வேண்டாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் செய்யும் வேலையைப் படித்து மனம் நிறைந்தது. கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது.

வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போகாது. பெரிய ஃபைல்களை அந்த வேகத்தில் கொடுக்க இன்றைய ஹார்ட் டிஸ்க்கே போதும். தேடலுக்கான டேட்டாபேஸுக்கு மட்டும் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பிராண்டு எதுவானால் என்ன?

ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனாலும் சர்வர் ஓடும். அவ்வளவுதான் அதன் வேலை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கூத்துக் கலைஞர்களின் ஒலிப்பதிவுகள் ரெய்டில் இருந்தன. வேண்டாத ஃபோல்டர் என்று நினைத்து ஒருவர் அழித்துவிட்டார். ஒரு டிஸ்க்கும் பழுதாகவில்லை, பாட்டு மட்டும் போய்விட்டது. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. மறுபடி யாரிடம் போய்ப் பதிவு செய்வது? அழித்தாலும், வைரஸ் புகுந்தாலும், சர்வரையே திருடிக்கொண்டு போனாலும் ரெய்டு காப்பாற்றாது. இது தெரியாமல் ஒருவர் டிஸ்க் விற்கலாமா? அவர் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பலாமா?

பேக்கப் வைத்துவிட்டோம் என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்தார். தினசரி பேக்கப் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. மென்பொருள் வெர்ஷன் பொருந்தாமல் அந்த பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான், அதாவது அந்த நேரத்து நகல்தான், கைகொடுத்தது. இத்தனைக்கும் அது மென்பொருள் நிறுவனம்.

ஆகவே கே., இரண்டு பெரிய வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இரண்டிலும் முழுப் பிரதி எடுங்கள். ஒன்று வேறு ஊரில், நம்பிக்கையான நண்பர் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஓர் இதழை அதிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கம் வரை திறக்கிறதா என்று பாருங்கள். சர்வர், வெளி டிஸ்க் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் சர்வரைத் தள்ளிப்போடுங்கள், டிஸ்க்கை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.