முட்டை வராம இல்ல, லேட்டா வருது
வாசகர் கேள்வி, டாக்டரம்மா பதில்

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல சினைப்பையில வர்ற நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் பத்திதான், அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. பேர் போட வேணாம்னு எல்லாருமே எழுதியிருந்தீங்க, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயசு 27, கல்யாணம் ஆயி 3 வருஷம் ஆவுது. சேதராப்பட்டுல கம்பெனி வேலை, ஒரு வாரம் பகல் ஷிப்ட்டு ஒரு வாரம் நைட்டு. பீரியட்ஸ் 45 நாள், 50 நாள்னு தள்ளி தள்ளி வருது, ஒரு தடவ மூணு மாசம் வரவே இல்ல. ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் நீர்க்கட்டின்னு எழுதிட்டாங்க. உயரம் 155 செ.மீ, வெயிட்டு 72 கிலோ. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ஏதாவது விசேஷமா"ன்னு கேக்குறாங்க, அதுக்கு பயந்துகிட்டே போறதில்ல. கட்டிய ஆபரேஷன் பண்ணணுமா? மாத்திரை இல்லாம இயற்கையா சரி பண்ண முடியுமா? (வில்லியனூர் வாசகி)

பதில்: மொதல்ல அந்த கட்டிங்கற வார்த்தைய மனசுல இருந்து எடுத்துடு தங்கச்சி. அது கட்டியே இல்ல, ஆபரேஷன் பண்ணி எடுக்க அங்க ஒண்ணும் கிடையாது. கருமுட்டை வளர்ற சின்ன சின்ன பைங்க அது, ஒவ்வொண்ணும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். பண்ருட்டி பக்கம் பலா மரத்துல பாத்திருப்ப, சில வருஷம் பிஞ்சு கொத்து கொத்தா புடிக்கும் ஆனா ஒண்ணும் பெருக்காம அப்படியே நின்னுடும். உன் சினைப்பையிலயும் அதான் நடக்குது, பிஞ்சு நிறைய இருக்கு, ஒண்ணு மட்டும் பெருசாகி வெடிச்சு வெளிய வரணும் பாரு, அது நேரத்துக்கு நடக்கல.

ஏன் நடக்கலன்னா, நிறைய பேருக்கு இதோட வேர் இன்சுலின்ல இருக்கு. உடம்பு இன்சுலின் பேச்ச சரியா கேக்காதப்ப கணையம் இன்னும் இன்னும் சுரக்குது, அந்த அதிக இன்சுலின் சினைப்பைய போய் தூண்டி விட்டு ஆண் ஹார்மோன கூட்டுது, அதுல முட்டை பாதியிலயே நின்னு போவுது. முகத்துல முடி, தாடையில பரு, கழுத்து பின்னாடி கறுத்து போறது எல்லாம் இதோட சேர்ந்ததுதான், தேச்சு தேச்சு குளிச்சாலும் அந்த கறுப்பு போவாது, அது அழுக்கு இல்ல. உன்மேல தப்பே இல்லன்னு இத எழுதுறேன், நீ சோம்பேறியா இருந்ததால வந்ததில்ல இது, குடும்பத்துல சுகர் இருந்தா வர்ற வாய்ப்பும் கூடுது.

ஆனா தங்கச்சி, முட்டை வரவே இல்லன்னு நெனச்சுக்காத, பல பேருக்கு அது லேட்டா வருது, அவ்ளோதான். பீரியட்ஸ்க்கு சுமார் 14 நாள் முன்னாடி முட்டை வெளிய வரும். 28 நாள் சுத்து இருக்கறவங்களுக்கு அது 14வது நாள், அத எல்லாருக்கும் பொதுவா சொல்லி வெச்சுட்டாங்க. உனக்கு 45 நாள் சுத்துன்னா கணக்கு பண்ணிப் பாரு, 31வது நாள் கிட்ட வருது! நீயும் உன் வீட்டுக்காரரும் 14வது நாள குறி வெச்சு மூணு வருஷம் காத்திருந்தா கரு எப்படி நிக்கும். ஒரு பொண்ணு என்கிட்ட வந்தா, தினசரி காலண்டர்ல பீரியட்ஸ் வந்த நாள் சீட்ட மட்டும் கிழிச்சு, பழைய நோட்டு அட்டைக்குள்ள வெச்சு ரப்பர் பேண்டு போட்டு எடுத்துகிட்டு வந்தா. மொத்தம் 7 சீட்டு. மேசை மேல வரிசையா பரப்பி நடுவுல எத்தன நாள்னு பென்சில்ல எழுதினோம், 41, 38, 52, 47, 60, 44. எந்த ஸ்கேனும் சொல்லாத விஷயத்த அந்த 7 சீட்டு எனக்கு சொல்லுச்சு, அவளுக்கு 14வது நாள்ல முட்டை வர வாய்ப்பே கம்மின்னு. நீயும் இன்னைக்கே ஆரம்பி. நாள் தெரியாதவங்களுக்கு நான் சொல்றது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, மூணு நாளைக்கு ஒரு தடவ சேர்ந்து இருந்தாலே போதும், விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், முட்டைக்குதான் ஒரு நாள் ஆயுசு. கடையில விக்கற முட்டை பாக்கற ஸ்ட்ரிப்ப வாங்கி காச விடாத, அது பாக்கறது முட்டைய வெளிய தள்ளற எல்எச் ஹார்மோன, நீர்க்கட்டி இருக்கற பல பேருக்கு அது மொதல்லயே ஏறி இருக்கும், தப்பா காட்டலாம்.

இப்ப இயற்கையா முடியுமான்னு கேட்ட இல்ல, முடியும், உன் வயசுக்கு தாராளமா முயற்சி பண்ணலாம். 72 கிலோவுல 5 சதவீதம் எவ்ளோ, மூணரை கிலோ. அவ்ளோ கொறஞ்சாலே பல பேருக்கு பீரியட்ஸ் சுத்து சீராக ஆரம்பிக்குது, இருபது கிலோ கொறைக்கணும்னு யாராவது பயமுறுத்தினா காதுல போட்டுக்காத. சோத்த விட சொல்ல மாட்டேன். தட்டுல பாதி காய் கீரை, கால்வாசி சோறு, மிச்ச கால்ல பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. நம்ம ஊர்ல கவலை மீன் மலிவா கெடைக்குது, குழம்பா வெச்சு தின்னு, எண்ணெயில பொரிக்காம. சிறுதானியம் நல்லதுதான் ஆனா தினைங்கறதுக்காக ரெண்டு தட்டு தின்னா அதுவும் மாவுச்சத்துதான். இந்த டயட்டுதான் நீர்க்கட்டிக்கு ஒசத்தின்னு எதையும் ஆராய்ச்சி காட்டல, அதனால உன் வீட்டு சமையல்லயே அளவ மாத்திக்கிட்டா போதும்.

டீய கொஞ்சம் கணக்கு போடுவோம். ஷிப்ட்டு வேலையில நாளைக்கு 4 டீ ஓடும், ஒண்ணுக்கு 2 ஸ்பூன், ஆக 8 ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம்னாலும் 32 கிராம். வருஷத்துக்கு 11 கிலோவுக்கு மேல சர்க்கரை, வெறும் டீயில! அதோட சாயந்திரம் பேக்கரி பப்ஸு வேற. நாட்டு சர்க்கரைக்கு மாறிட்டேன்னு சொல்லாத, இன்சுலினுக்கு அதுவும் சர்க்கரைதான்.

நடை வாரத்துக்கு 150 நிமிஷம், வெயிட்டு கொறையணும்னா 250 கிட்ட. பாண்டி பீச் ரோட்டுல சாயந்திரம் வண்டி விட மாட்டாங்க, லீவு நாள்ல வீட்டுக்காரரையும் இழுத்துகிட்டு போ, மத்த நாள் சாப்ட்ட உடனே மாடியிலயே பத்து நிமிஷம் நடந்தாலும் சுகர் ஏறுறது கொறையும். வாரம் ரெண்டு நாள் தசைக்கு வேலை குடு, தண்ணி பாட்டில தூக்கி எறக்கினாலும் சரி. நைட் ஷிப்ட்டு முடிஞ்சு வந்தா ஜன்னல மூடி இருட்டாக்கி தூங்கு, சூப்பர்வைசர்கிட்ட ஷிப்ட்ட மாத்தி கேக்க முடிஞ்சா கேளு. குறட்டை இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காத, நீர்க்கட்டியோட தூக்கத்துல மூச்சு தடைபடற பிரச்சினையும் வரும்.

ஆனா ரெண்டு விஷயம் வீட்ல உக்காந்துகிட்டு பாக்க முடியாது. தைராய்டு, புரோலாக்டின்ங்கற பால் சுரக்க வைக்கற ஹார்மோன், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு பாக்கற சுகர் டெஸ்ட்டு, இது மூணும் எடுத்தே ஆகணும், தைராய்டு கெட்டிருந்து நீ நடந்துகிட்டே இருந்தா என்ன பிரயோஜனம். ஜிப்மர்லயோ ராஜீவ்காந்தி மகளிர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலயோ பாக்கலாம். இன்னொண்ணு, 90 நாள் தாண்டி பீரியட்ஸ் வரலன்னா மொதல்ல கர்ப்ப டெஸ்ட்டு பண்ணிட்டு உடனே டாக்டர பாரு, கர்ப்பப்பை உள்வரி தடிச்சுகிட்டே போறது நல்லதில்ல. ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம் இப்பவே ஆரம்பி, வெயிட்டும் சுகரும் பாத்து டோஸ டாக்டர் கூட்டுவாங்க. மாத்திரை வேணாம்னு நீ சொன்னாலும் இத மட்டும் வேணாம்னு சொல்லாத, அது குழந்தையோட தண்டுவடத்துக்கு.

கேள்வி: டாக்டர், என் மருமகளுக்காக எழுதுறேன். பக்கத்து வீட்ல கழற்சிக்காய மிளகோட அரைச்சு குடுத்தா நீர்க்கட்டி கரைஞ்சிடும்னு சொன்னாங்க. செல்லுல விளம்பரம் பாத்து ஒரு கர்ப்பப்பை லேகியமும் 4,500 ரூபாய்க்கு வாங்கிட்டேன், மருமக ரெண்டையும் சாப்பிட மாட்டேங்குறா, என்ன சொல்லி புரிய வைக்கிறது? (நெல்லிக்குப்பம் வாசகி)

பதில்: அம்மா, மருமகளுக்காக நீங்க இவ்ளோ செலவு பண்றீங்கன்னா அது பாசம், அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்த விஷயத்துல மருமக பக்கம்தான் நிப்பேன். கழற்சிக்காய் நம்ம ஊர்ல தலைமுறையா இருக்கற மருந்து, ஓட்ட சுத்தியல வெச்சு ஒடைச்சு கசப்போட முழுங்கின பாட்டிங்கள எனக்கும் தெரியும். ஆனா அது முட்டைய வளர வெச்சு குழந்தை நிக்க வைக்கும்னு காட்டற உருப்படியான ஆராய்ச்சி மனுஷங்ககிட்ட நடக்கல. அதவிட, பீரியட்ஸ் தள்ளி தள்ளி போற பொண்ணுக்கு கர்ப்பம் எப்ப நிக்கும்னே தெரியாது, தெரியாமலே கருவோட இந்த மாதிரி மருந்த சாப்பிட்டா யார் பொறுப்பு.

சித்த மருந்துதான் வேணும்னு உங்களுக்கு தோணுச்சுன்னா அரசு ஆஸ்பத்திரியில சித்தா பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் உக்காந்திருக்காங்க, அங்க கூட்டிகிட்டு போங்க, குழந்தைக்கு முயற்சி பண்றோம்னு மொதல்லயே சொல்லிடுங்க, இங்கிலீஷ் மாத்திரை ஏதாவது சாப்பிடறாளான்னும் சொல்லுங்க. அந்த லேகியத்துல என்ன கலந்திருக்குன்னு லேபிள்ல இருக்கா பாருங்க, இல்லன்னா பணம் போனா போகட்டும், குடுக்காதீங்க, பேர் தெரியாத மருந்துல ஸ்டீராய்டும் ஈயமும் இருந்து கஷ்டப்பட்டவங்க உண்டு. வெந்தயம் ஊறவெச்சு சாப்பாட்டோட குடுங்க, சுகருக்கு கொஞ்சம் நல்லதுதான், தோசை மாவுல போடற அளவு போதும்.

ஒரு வேண்டுகோள்மா. உங்க லெட்டர் ரெண்டு பக்கம் இருந்துச்சு, அதுல மகனுக்கு டெஸ்ட்டு எடுத்தீங்களான்னு ஒரு வரி இல்ல. குழந்தை தள்ளிப் போற வீடுங்கள்ல ஆம்பள பக்கம் காரணம் இருக்கறதும் சகஜம்தான். விந்து டெஸ்ட்டு ஊசி கூட இல்லாத டெஸ்ட்டு, லேகியத்துக்கு ஆன செலவுல கொஞ்சமே ஆகும். மகன்கிட்ட நீங்க சொன்னா அவர் போவாரு.

கேள்வி: வயசு 24, உயரம் 158, வெயிட்டு 46 கிலோதான். எனக்கும் பிசிஓஎஸ்னு சொல்லி வெயிட்டு கொறைக்க சொன்னாங்க, ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டேன், இப்ப பீரியட்ஸ் சுத்தமா நின்னுடுச்சு. (பாகூர் வாசகி)

பதில்: இன்னைக்கு ராத்திரியே சாப்பிடு கண்ணு. உன் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு வெயிட்டு எவ்ளோங்கற கணக்கு, 18.4தான், நீ கொறைக்க ஒரு கிலோ கூட இல்ல. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் நீர்க்கட்டி வரும், ஆனா பட்டினி கிடந்தா மூளையில இருந்து வர்ற ஹார்மோனே கொறைஞ்சு பீரியட்ஸ் நின்னுடும், அது வேற வியாதி, ஸ்கேன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியறது உண்டு. வேற டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டு, கர்ப்ப டெஸ்ட்டு, தைராய்டு, புரோலாக்டின் பாக்க சொல்லு. ஸ்கேன வெச்சு மட்டும் பிசிஓஎஸ்னு முடிவு பண்ணக் கூடாது, பீரியட்ஸ் தள்ளிப் போறது, ஆண் ஹார்மோன் கூடினது, ஸ்கேன்ல நீர்க்கட்டி தெரியறது, இந்த மூணுல கொறைஞ்சது ரெண்டு இருக்கணும்.

கேள்வி: வயசு 36. ரெண்டு வருஷமா நடை, கம்பு, யோகா எல்லாம் பண்றேன், 6 கிலோ கொறைஞ்சு பீரியட்ஸ் 40 நாளுக்குள்ள வருது. இன்னும் ஒரு வருஷம் இயற்கையாவே பாக்கலாம்னு இருக்கேன். (அரியாங்குப்பம் வாசகி)

பதில்: வேணாம்மா. நீ பண்ணினது வீண் போகல, அதனாலதான் சுத்து கொறைஞ்சிருக்கு, ஆனா 35 தாண்டினா ஆறு மாசம் பாத்துட்டு டாக்டர்கிட்ட போறதுதான் முறை, நீ ரெண்டு வருஷம் குடுத்துட்ட. நீர்க்கட்டிய நடந்து சரி பண்ணலாம், வயச நடந்து சரி பண்ண முடியாது. மாத்திரைன்னா இயற்கைக்கு எதிரின்னு நெனைக்காத. லெட்ரோசோல்னு ஒரு மாத்திரை, பீரியட்ஸ் ஆரம்பத்துல 5 நாள் குடுப்பாங்க, உன் உடம்பையே முட்டைய வளக்க சொல்லி தூண்டும், ஸ்கேன்ல வளர்ச்சி பாப்பாங்க. 2014ல அமெரிக்காவுல நீர்க்கட்டி இருக்கற 750 பெண்கள வெச்சு பாத்ததுல லெட்ரோசோல் எடுத்தவங்கள்ல 27.5 சதவீதம் பேருக்கு குழந்தை பொறந்துச்சு, முன்னாடி குடுத்துகிட்டிருந்த குளோமிஃபீன் மாத்திரை எடுத்தவங்கள்ல 19.1 சதவீதம். அதுலேருந்து இதுதான் மொத சாய்ஸு. டாக்டர கண்டிப்பா பாத்துதான் எடுக்கணும், மெடிக்கல்ல நீயா வாங்காத. அதுக்கு முன்னாடி கருக்குழாய் அடைப்பு இருக்கான்னு டெஸ்ட்டு, வீட்டுக்காரருக்கு விந்து டெஸ்ட்டு. நடைய மட்டும் விட்டுடாத, கர்ப்பம் நின்னதும் வர்ற சுகருக்கும் அது வேணும்.

கேள்வி: மேடம், நான் மஸ்கட்டுல வேலை பாக்குறேன், வருஷத்துக்கு ஒரு மாசம் லீவுல வருவேன். கல்யாணமாகி 5 வருஷம், மனைவிக்கு நீர்க்கட்டி, பீரியட்ஸ் 50 நாளுக்கு ஒரு தடவ. ஊர்ல எல்லாரும் அவளதான் பேசறாங்க. அவ என்ன சாப்பிட்டா குழந்தை நிக்கும்? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: தம்பி, 5 வருஷம்னு சொல்ற, சேர்ந்து இருந்தது 5 மாசம்தான். அதுலயும் பாரு, நீ இருக்கறது 30 நாள், அவ சுத்து 50 நாள், முட்டை வர்றது 36வது நாள் கிட்ட, நீ வந்த லீவுல அவளுக்கு முட்டையே வராம போயிருக்கலாம். இதுக்கு அவ எந்த கஞ்சி குடிச்சும் பிரயோஜனமில்ல. இத உங்க அம்மா அப்பாகிட்ட நீ போன் போட்டு சொல்லணும், அவ சொன்னா எடுபடாது.

அடுத்த லீவுக்கு மூணு மாசம் முன்னாடியே நீ புகையில, குடி இருந்தா நிறுத்திடு, விந்தணு உருவாக ரெண்டரை மாசம் ஆவுது. அவ அதுக்குள்ள கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில காட்டி சுகரும் தைராய்டும் பாத்து வெக்கட்டும், உன் லீவு தேதிய டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரையோட நாள அதுக்கு ஏத்த மாதிரி போட முடியும். வந்த மொத வாரமே நீ டெஸ்ட்டு குடுத்துடு, 2 நாள்லேருந்து 7 நாள் இடைவெளி விட்டு குடுக்கணும். முடிஞ்சா லீவ ரெண்டு மாசமா கேளு. டிக்கெட்டு போடறதுக்கு முன்னாடி அவள காலண்டர்ல குறிச்சு வெச்ச நாள போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு, அத பாத்துட்டு தேதி போடு.