பல்க் கப்பலில் முதல் பணி: ஒரு தந்தைக்குப் பதில்

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியுள்ள ஐயா அவர்களுக்கு வணக்கம். ஓராண்டு நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமா படிப்பை முடித்துள்ள தங்கள் மகனுக்குப் பயிற்சிக் கேடட்டாகப் பல்க் கப்பல் ஒதுக்கப்பட்டிருப்பதால், கன்டெய்னர் கப்பல் கிடைக்கும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கப்பலில் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வு எழுதுவதற்கு அவருக்கு 18 மாதக் கடற்பணி தேவை. கரையில் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தேர்வைத் தள்ளிப்போடும்.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களைத் தாங்கள் பார்த்திருக்கக்கூடும். மூட்டையோ பெட்டியோ இல்லாமல் நிலக்கரி, இரும்புத் தாது, கோதுமை, உரம் ஆகியவற்றை அப்படியே சரக்கறையில் கொட்டி ஏற்றும் இந்தப் பல்க் கப்பல்களில் கேடட்டுக்கு வேலை கடினம்தான். நிலக்கரி இறக்கிய அறையில் அடுத்து கோதுமை ஏற்ற வேண்டுமென்றால், அதைக் கழுவி, உலர்த்தி, ஆய்வாளர் ஏற்கும் அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும். ஆனால் கப்பலின் முன், நடு, பின் பகுதிகளில் நீர்மட்டக் குறிகளைப் படித்து, ஏறிய சரக்கின் எடையைக் கணக்கிடும் டிராஃப்ட் சர்வேயை அருகிலிருந்து கற்கும் வாய்ப்பு இங்கேதான் அடிக்கடி அமையும்.

தாங்கள் புயலை நினைத்து அஞ்சுகிறீர்கள். நான் சரக்கை நினைத்தே எச்சரிக்க விரும்புகிறேன். தாமிரபரணிக் கரையில் ஈர மணலை மிதிக்க மிதிக்க நீர் மேலே ஊறி, மணல் குழைவதைத் தம்பி பார்த்திருப்பார். ஈரப்பதம் மிகுந்த தாதுப்பொடியும் கப்பலின் ஆட்டத்தில் அவ்வாறே குழைந்து ஒரு பக்கமாகச் சாயக்கூடும். மலேசியாவிலிருந்து பாக்சைட் ஏற்றிச் சென்ற பல்க் ஜூப்பிடர் என்ற கப்பல் 2015 ஜனவரி 2 அன்று மூழ்கியபோது, அதிலிருந்த 19 பேரில் ஒருவரே உயிர் பிழைத்தார். சரக்கில் இருந்த மிகுந்த ஈரமே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே, ஏற்றுவதற்கு முன் சரக்கின் ஈரப்பதச் சான்றிதழை முதன்மை அதிகாரி சரிபார்க்கும்போது உடனிருந்து கற்குமாறு மகனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றை இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மூடிய சரக்கறையில் நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மூச்சுத் திணறல் தொடங்குமுன்பே நினைவு தப்பிவிடலாம். கருவியில் 20.9 சதவீத ஆக்சிஜன் காட்டி, நச்சு வாயுவும் இல்லையென்று உறுதியாகி, எழுத்துமூல அனுமதியும் கிடைக்கும்வரை, யார் அவசரப்படுத்தினாலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது. விழுந்து கிடப்பவரைக் காப்பாற்றுவதற்காகத் தனியே இறங்குவதும் கூடாது. அப்படி இறங்கியவர்களே பல விபத்துகளில் அடுத்து இறந்திருக்கிறார்கள்.

கையெழுத்திடுமுன், பணிக்கு அனுப்பும் நிறுவனத்திடம் இருக்க வேண்டிய, கப்பல் பணிக்கு ஆளெடுத்து அனுப்புவதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் நடப்பில் உள்ளதா என்பதைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் தாங்களே பாருங்கள். வேலை வாங்கித் தருவதற்கென்று யாரேனும் பணம் கேட்டால் அது சட்டத்துக்குப் புறம்பானது; கொடுக்காதீர்கள்.