பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் காட்டிச் சாயப்பட்டறை நிலத்தைச் சுத்தம் செய்யப் பணம் வாங்க முடியுமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் 2011-இல் மூடிய சாயப்பட்டறை நிலத்தைக் கிரயம் வாங்கியிருக்கிறோம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அமெரிக்காவில் 40, 50 வருடப் பழைய பாலிசியை வைத்து மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் வாங்குகிறார்களாமே, இங்கே நடக்குமா?

பதில்: அங்கே நடப்பது போல இங்கே நடக்காதுங்க. ஆனாலும் அந்தப் பட்டறையின் பழைய பாலிசிக் கட்டைத் தேடி எடுத்து வையுங்கள். அதற்கு வேறு பயன் இருக்கிறது.

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே 1966-இல் பொதுப் பொறுப்பு பாலிசியின், அதாவது நம்மால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு ஈடு தரும் பாலிசியின், வாசகம் மாறியது. பாலிசி ஓடிய வருடத்தில் சேதம் நடந்திருந்தால் போதும், வழக்கு எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அந்த வருடத்துப் பாலிசி பதில் சொல்ல வேண்டும். 1970-களில் 'திடீரென்று, எதிர்பாராமல்' நேர்ந்த மாசுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 1986-இல் மாசையே மொத்தமாக விலக்கிவிட்டார்கள். நடுவே 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் பழைய மாசின் செலவை உரிமையாளர் தலையில் வைத்தது. அதனால்தான் டிரை கிளீனிங் கடை வைத்திருந்தவர்கள் 1986-க்கு முந்தைய பாலிசிகளைத் தேடி அலைகிறார்கள். பாலிசி தொலைந்திருந்தால் செக் அடிக்கட்டை, பேரேடு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்டு அது இருந்ததை நிரூபிக்கிறார்கள். இந்த வேலைக்கு அங்கே 'இன்ஷூரன்ஸ் தொல்லியல்' என்றே பெயர்.

இங்கே என்ன தடை? பெரும்பாலான பட்டறைகளில் இருந்தது பேங்க் கடனுக்காக எடுத்த தீ பாலிசி. அது கட்டடம், மிஷின், சரக்குக்கு உரியது. நிலத்துக்கு அதில் இடமில்லை. தீ போன்ற காப்பீடான ஆபத்தால் நேர்ந்த மாசைத் தவிர மற்ற மாசு விலக்கு. இடிபாடு அகற்றும் செலவும் க்ளெய்ம் தொகையில் 1 சதவீதம்தான்.

1991-ஆம் வருடப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப் பாலிசி, ஆபத்தான பொருளால் விபத்து நேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தருவது. விபத்து நடந்த 5 வருடத்துக்குள் கலெக்டரிடம் மனு போயிருக்க வேண்டும். இது போக, தனியாக எடுக்கும் தொழிற்சாலைப் பொறுப்பு பாலிசி ஒன்று உண்டு. அதில் கோரிக்கையே பாலிசி ஓடும் காலத்தில் வந்தாக வேண்டும். பட்டறை மூடி, பிரீமியம் நின்ற பிறகு வரும் கோரிக்கைக்கு அது பதில் சொல்லாது. மாசும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் உள்ளே வரும், அதுவும் திடீர் மாசு மட்டும்.

இதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். ஆசிட் டேங்க் வெடித்துக் கொட்டியது, பர்னஸ் ஆயில் தொட்டி ஒரே ராத்திரியில் ஒழுகியது என்றால் அது விபத்து. தினமும் சாயக் கழிவை வாய்க்காலில் திறந்துவிட்டு, வருடக்கணக்கில் உப்பு இறங்கியிருந்தால் அது விபத்தே ஆகாது. எந்தக் கம்பெனியும் தராது, தரவும் கூடாது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயம் இழந்தவர்களின் நஷ்டம் அப்படி வந்ததுதான்.

ஒரே ஒரு வாசல் உண்டு. சம்பவம் நடந்தபோதே, பாலிசி உயிரோடு இருக்கையில், பட்டறைக்காரர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிராஞ்சுக்கு எழுத்தில் தெரிவித்திருந்தால், பின்னால் வரும் கோரிக்கையை அந்தக் காலத்ததாகவே எடுத்துக்கொள்ளும் ஷரத்து சில பாலிசிகளில் இருக்கும். ஆகவே கட்டில் பாலிசியோடு பிராஞ்சின் 'பெறப்பட்டது' முத்திரை விழுந்த கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். சும்மா தேதி போட்ட காகிதம் உதவாது. க்ளெய்மைத் தர முடியாது என்று கம்பெனி எழுதிய மறுப்புக் கடிதமும் கூட இருந்தால், அதன் தேதியிலிருந்து 3 வருடம்தான் வழக்குக்கு அவகாசம்.

அடுத்தது பெயர். பாலிசி நிலத்தோடு ஒட்டி வருவது இல்லை, எடுத்தவரோடு போவது. நீங்கள் வாங்கியது நிலம் மட்டும். நம் பக்கத்துப் பட்டறைகள் பெரும்பாலும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கூட்டு. பங்கு பிரித்து, பெயர் மாற்றி, மறுபடி சேர்ந்து என்று ஒரே ஷெட்டில் மூன்று நிறுவனப் பெயர்கள் ஓடியிருக்கும். எந்த வருடம் எந்தப் பெயர் என்று பட்டியல் போடுங்கள். கூட்டு கலைந்தாலும், கலைவதற்கு முன் நடந்ததற்குப் பங்குதாரர் பொறுப்பு போகாது. பிரைவேட் லிமிடெட் என்றால் பொறுப்பும் பாலிசியும் கம்பெனியிடமே இருக்கும்.

மாசுக்கு யார் பொறுப்பு என்று காட்டத்தான் பழைய பாலிசி பெரிய சாட்சி. எந்த ரசாயனம், எத்தனை டேங்க், யார் நடத்தினார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கலாம். பட்டறைக்காரர் வீட்டில் கிடைக்காவிட்டால் கடன் கொடுத்த பேங்க், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், ஆடிட்டர் ஆகியோரிடம் உள்ள ஃபைலில் நகல் இருக்கலாம். 1973-க்கு முந்தைய பாலிசி என்றால் கம்பெனிப் பெயர் இப்போது இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். தேசியமயத்தில் 107 நிறுவனங்கள் நான்காகச் சேர்ந்தன. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கில் ஒன்றுதான் வாரிசு.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை 1996-லேயே வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு, மீட்புக்கான மனுவுக்கு 5 வருடக் கெடு இருப்பதால், 2011-இல் மூடிய பட்டறைக்கு எதிராகப் போனால் 'காலம் கடந்தது' என்ற வாதம் முதலில் வரும். ஆகவே 2025 ஜூலையில் வந்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளின் வழியில் போங்கள். சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பாளி யார் என்று கண்டறிந்து செலவை அவரிடம் வாங்குவதும் அதில் அடக்கம். கலெக்டர் அலுவலக மனுவோடு அந்தப் பெயர்ப் பட்டியலையும் பாலிசி நகலையும் வையுங்கள்.

மண்ணை அள்ளும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். உங்கள் போரில் ஒன்று, பட்டறைக்கு மேட்டுப் பக்கத் தோட்டத்துக் கிணற்றில் ஒன்று, பள்ளத்துப் பக்கம் ஒன்று, எல்லாம் ஒரே நாளில். நம் ஊர்ப் பாறை நிலத்தில் இயற்கையிலேயே உப்பு உண்டு. குடிநீருக்கு மொத்தக் கரைதிடம் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது தரம். மேட்டுக் கிணறும் உங்கள் போரும் ஒரே அளவு காட்டினால் பட்டறை மேல் பழி நிற்காது. மேட்டில் 900, உங்களிடம் 6,000 என்று வந்தால் அந்த ரிப்போர்ட்தான் உங்கள் முதல் ஆவணம்.