இரண்டடித் தொட்டியில் எந்த மீன்கள் சேர்ந்து வாழும்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். மகனுக்காக இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி வாங்கி, மறுநாளே இரண்டு கோல்டு ஃபிஷ், ஓர் ஏஞ்சல், ஓர் ஆண் ஃபைட்டர், ஆறு கப்பி, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் தந்த ஒரு சக்கர் மீன் ஆகியவற்றை விட்டோம். பத்து நாளில் மூன்று கப்பிகள் வால் கிழிந்து இறந்தன. மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எங்கள் போர்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மகன் மிஸ் கேரளா மீனும் வேண்டும் என்கிறான். எவற்றைச் சேர்த்து வளர்க்கலாம்? (ஒரு வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உயிரோடு இருப்பவற்றைக் காப்பாற்றுவோம். மீன்கள் மேலே வந்து திணறுவதற்கு அம்மோனியாவே காரணமாக இருக்கக்கூடும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் இந்த நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நீங்களோ மறுநாளே பத்துக்கு மேற்பட்ட மீன்களை விட்டுவிட்டீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீரைப் போன்ற, வெள்ளையாகப் படியும் உப்புகள் மிகுந்த கடின நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரம் கூடக் கூட அம்மோனியாவின் கொடுமையும் கூடும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு நீரை மாற்றுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள், காற்றுக் குழாயை இரவிலும் நிறுத்தாதீர்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். அந்த நுண்ணுயிர்கள் குடியிருப்பது அதில்தான்.

வால் கிழிந்ததற்கு ஃபைட்டரையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். நீண்ட வண்ண வாலுடைய ஆண் கப்பியை அது தன் இனத்துப் போட்டியாளனாகவே கருதித் தாக்கும். அதற்கு மூடியுள்ள தனித்தொட்டி, பதினைந்து இருபது லிட்டர் அளவில் போதும். ஏஞ்சலோ வளர்ந்தால் பதினைந்து சென்டிமீட்டர் வரை நீளும். துடுப்புகள் மேலும் கீழும் விரிவதால் ஓரடி உயரம் அதற்குப் போதாது, வாய்க்கு அடங்கும் சிறு மீனையும் விழுங்கிவிடும். கோல்டு ஃபிஷ் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நீர் மீன். 18 முதல் 22 டிகிரியில் நலமாக இருக்கும் அதற்குப் பாலக்காட்டுச் சித்திரை வெயில் பெரும் துன்பம், அது விடும் கழிவும் மிக அதிகம். ஏஞ்சலையும் கோல்டு ஃபிஷையும் கடையிலேயே திருப்பிக் கொடுக்க முயலுங்கள்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர்; மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் நீர்தான் நிற்கும். இந்த அளவையும் கடின நீரையும் சேர்த்துப் பார்த்தால், உப்புகள் குறைந்த மென்னீரை விரும்பும் நியான் டெட்ரா என்ற சிறு மீனை விட்டுவிட்டு, கப்பியையும் அதைப் போலவே குஞ்சு ஈனும் பிளாட்டி மீனையும் தேர்ந்தெடுப்பதே சரி. கப்பி எளிதாகக் கிடைப்பதால் அதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். உங்கள் தண்ணீரில் அதன் நிறமும் சுறுசுறுப்பும் நன்றாகவே வெளிப்படும். ஆறு ஆண் கப்பிகளும் நான்கு ஆண் பிளாட்டிகளும் போதும். பெண் மீனைச் சேர்த்தால் ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சு ஈனும், ஒருமுறை கூடிய பெண் ஆணின்றியே பல மாதங்கள் குஞ்சு ஈனும் என்பதால், சிறு தொட்டியில் ஆண்களே நல்லது. தொட்டி நன்கு பழகிய பிறகு ஜீப்ரா டேனியோ என்ற வரிகளுள்ள சிறு மீன்கள் ஆறைச் சேர்க்கலாம். அவை கூட்டமாக இருந்தால்தான் பிற மீன்களைத் தொந்தரவு செய்யாது.

மகன் கேட்கும் மிஸ் கேரளாவை மலையாளத்தில் செங்கணியான் என்பார்கள். சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த நீரில் கூட்டமாக நீந்தும் மீன் அது. பதினைந்து சென்டிமீட்டர் வளரும் அதை ஆறு மீன்களுக்குக் குறையாமல் நான்கடித் தொட்டியில்தான் வைக்க வேண்டும். இயற்கையில் அழியும் நிலையிலுள்ள இனமும்கூட. அந்த ஆசையை மகன் பெரிய தொட்டி வைக்கும் நாளுக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

சக்கர் மீன் உங்கள் தொட்டியைச் சுத்தம் செய்யாது. ஓரடிக்கும் மேல் வளர்ந்து தானே கழிவைப் பெருக்கும். கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்தாலும் அதைச் சித்தூர்ப் புழையிலோ வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இவ்வாறு விடப்பட்டவை நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துப் பெருகிக்கொண்டிருக்கின்றன. பெரிய தொட்டி வைத்திருப்பவர் எவரேனும் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.