மெலனோட்டான் மூக்கு ஸ்ப்ரே அடித்தால் என் தங்கையின் வெண்புள்ளிகளில் நிறம் திரும்புமா?

வாங்காதீர்கள். வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள், அதனால்தான் இந்த அவசரம் என்று நினைக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கும் வெண்புள்ளி உண்டு.

நான் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கோடை விடுமுறைக்கு முன்னால் தோல் பழுப்பாக வேண்டும் என்று இதை அடிப்பாள். நல்ல மனசுக்காரி, என் கையைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு பாட்டில் நீட்டினாள். ஆனால் அதை அடித்தால் அவளுக்குக் குமட்டும், முகம் சிவந்துபோகும், கழுத்து மச்சங்கள் வேறு கருத்திருந்தன. வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தோல் மருத்துவரிடம் கேட்டேன்.

இது நம் உடம்பிலுள்ள ஆல்ஃபா எம்எஸ்ஹெச் என்ற ஹார்மோனைப் போலச் செய்த பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு, நிறமி தயாரிக்கும் செல்களைத் தூண்டும். வெள்ளைத் திட்டில் அந்தச் செல்களே அழிந்து கிடக்கும்போது எதைத் தூண்டும்? சுற்றியுள்ள தோல்தான் இன்னும் கருக்கும், திட்டு முன்பைவிடப் பளிச்சென்று தெரியும் என்றார்.

ஆராய்ச்சி நடந்திருக்கிறதே என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். நடந்தது, மறுக்கவில்லை. அமெரிக்காவில் 55 பேரிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒளி சிகிச்சையோடு, அதே ஹார்மோனைப் போலச் செய்த அஃபமெலனோடைடு என்ற மருந்தின் இம்ப்ளான்ட்டும் தோலுக்கடியில் வைத்துக்கொண்டவர்களுக்கு, ஒளி மட்டும் எடுத்தவர்களைவிட அதிகமாக நிறம் திரும்பியது. ஆனால் அதிலும் சுற்றுத்தோல் கருத்தது. அந்த மருந்துக்கு ஐரோப்பா 2014-இலும் அமெரிக்கா 2019-இலும் அனுமதி கொடுத்தது, வெயில் பட்டாலே கடுமையாக வலிக்கும் இபிபி என்ற அபூர்வ நோய்க்கு. நெட்டில் ஸ்ப்ரேயாக விற்பது பெரும்பாலும் மெலனோட்டான் 2, அதற்கு எங்கேயும் அனுமதி கிடையாது, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது முழுக்கை ரவிக்கை போட வைத்தார்கள். மீன் சாப்பிட்டுவிட்டுப் பால் குடித்தாயா என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் யாராவது ஒரு அத்தை கேட்பார். மீனும் பாலும் காரணமே இல்லை, நம் எதிர்ப்பு சக்தியே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது, தொற்றவும் தொற்றாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை, இன்னும் ஆத்திரம் வருகிறது.

சரி, தங்கையைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போய் நேரோபேண்ட் யுவிபி என்ற புற ஊதா ஒளி சிகிச்சை பற்றிக் கேளுங்கள். மாதக்கணக்கில் போக வேண்டியிருக்கும். எனக்கு முகத்தில் நன்றாகவே நிறம் வந்தது, விரல் நுனிகளில் வரவில்லை. அங்கே வருவது பொதுவாகவே கஷ்டம் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள்.