மருத்துவர் பதில்: ‘குரோனிக் கிட்னி டிசீஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள், அப்பாவோ நன்றாகத்தான் இருக்கிறார்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61, ரப்பர் பால் வெட்டும் வேலை. 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. முட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவார். போன வாரம் திருவனந்தபுரத்தில் காட்டினோம். அங்கே தந்த தாளில் ‘குரோனிக் கிட்னி டிசீஸ், ஸ்டேஜ் 3ஏ’ என்று இருக்கிறது. கிரியேட்டினின் 1.5, ஈஜிஎஃப்ஆர் 52. ‘குரோனிக் என்றால் முற்றிப்போனது, இனி டயாலிசிஸ்தான்’ என்கிறார் சித்தப்பா. அப்பா ‘எனக்கு ஒரு தீனமும் இல்லை’ என்று விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுகிறார். இரும்பன் புளி (பிலிம்பி என்ற புளிப்புக் காய்) சாறு குடித்தால் சர்க்கரையும் கொழுப்பும் இறங்கும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: டயாலிசிஸ் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஈஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதற்கான கணக்கு. அது 15-க்கும் கீழே போய், உடம்பிலும் தொந்தரவுகள் தெரியும் கட்டத்தில்தான் பெரும்பாலும் டயாலிசிஸ் பற்றி யோசிப்போம். அப்பாவுக்கு 52. 45-லிருந்து 59 வரை இருப்பதை 3ஏ என்று குறிக்கிறோம். புற்றுநோயில் ‘ஸ்டேஜ் 3’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த எண் குலை நடுங்க வைக்கும். அந்தக் கணக்கு வேறு, இது வேறு.

குரோனிக் என்ற சொல்லைச் சித்தப்பா மட்டுமல்ல, நிறையப் பேர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவத்தில் அது காலத்தை மட்டும்தான் சொல்கிறது: சிறுநீரகக் கோளாறு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருக்கிறது என்று பொருள். நோய் எவ்வளவு கடுமை என்பது அதில் இல்லை. அதேபோல ‘அக்யூட்’ என்றால் திடீரென்று வந்தது. மழைக்காலத்தில் நம் பக்கத்துத் தோட்டங்களில் எலிக்காய்ச்சல் வந்து சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழந்து போவதுண்டு. அது அக்யூட், உயிருக்கே ஆபத்து. ஆனால் நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் தேறிவிடும். குரோனிக் அப்படிப் பாய்ந்து வராது, முழுதாக மாறியும் போகாது. கூடவே இருக்கும், மெதுவாகப் போகும். அந்த வேகத்தை இன்னும் குறைக்க முடியும் என்பதுதான் உங்களுக்கு நல்ல செய்தி.

சரி, அப்பா சொல்வது பொய்யா? இல்லை. தீனம் என்று நாம் சொல்வதும், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அசுகம் என்று சொல்வதும் ஒருவர் உடம்பில் உணர்கிற சுகக்கேடு. டாக்டர் எழுதும் டிசீஸ், உணர்ந்தாலும் உணராவிட்டாலும் உறுப்பில் இருக்கிற மாற்றம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றிலும் இவை இரண்டும் வருடக்கணக்காகச் சேராமலே இருக்கும். சிறுநீரகம் பாதிக்கு மேல் தளர்ந்த பிறகும் பசி, தூக்கம், வேலை எல்லாம் சரியாகவே நடக்கும். அப்பாவிடம் ‘நீங்கள் நோயாளி’ என்று வாதாடாதீர்கள். ‘உங்களுக்குத் தீனம் வராமல் இருக்கத்தான் இந்த மாத்திரை’ என்று சொல்லுங்கள். தாளில் உள்ளதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். விஷயம் தெரிந்தவர்தான் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவார்.

ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: முன்பு எப்போதாவது கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் கூடும்) பார்த்திருக்கிறார்களா? இது ஒரே ஒரு முறை எடுத்த ரத்தம் என்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துத்தான் குரோனிக் என்று உறுதி செய்ய வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வலி மாத்திரை போட்டிருந்தாலோ கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையும் கட்டாயம் வேண்டும். ஈஜிஎஃப்ஆர் ஒரே அளவில் இருக்கும் இரண்டு பேரில் அல்புமின் அதிகம் போகிறவருக்குத்தான் சிறுநீரகம் சீக்கிரம் கெடும். உங்கள் கடிதத்தில் அந்த அளவு இல்லை.

முட்டு வலி மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இவற்றில் எது இருந்தாலும் இன்றே நிறுத்துங்கள். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வலி தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் மட்டும், டாக்டர் சொன்ன அளவில் போடலாம்.

இரும்பன் புளிச் சாறு வேண்டவே வேண்டாம், இதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கொழுப்பு குறையும் என்று நம்பிச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்து, டயாலிசிஸ் வரை போனது கேரளத்தில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மீன் குழம்பில் எப்போதாவது இரண்டு காய் போடுவதும் வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் குடிப்பதும் ஒன்றல்ல. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், பொடி எதுவும் வேண்டாம்.

அடுத்து யாராவது ‘சர்க்கரை மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்தது’ என்று வந்து சொல்வார்கள். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே வந்தால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே வந்தால் நிறுத்துவோம், அவ்வளவுதான். பயந்துபோய் சர்க்கரை மாத்திரையை விடுவதுதான் சிறுநீரகத்துக்குக் கேடு. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருப்பது நல்லது. டெல்மிசார்டன் அல்லது ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மருந்தும், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மருந்தும் அப்பாவுக்குப் பொருந்துமா என்று அங்கேயே கேளுங்கள், இவை சிறுநீரகத்தையும் காக்கும். டெல்மிசார்டன் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்று ஏறலாம். அதைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டில் முதல் வேலை உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். மரச்சீனிக்கிழங்கைச் சர்க்கரைக்காக அளவோடு. தண்ணீர் தாகத்துக்குத் தகுந்தபடி போதும், குடம் குடமாகக் குடித்தால் கிரியேட்டினின் இறங்காது.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே டாக்டரைக் கேளுங்கள், சில மாத்திரைகளை அந்த இரண்டு மூன்று நாள் மட்டும் நிறுத்த வேண்டியிருக்கும். கால் வீக்கம், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைவது இவற்றுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் அது, திருவனந்தபுரத்துத் தாள், வலி மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே பைலில் வைத்து, எந்தப் பக்கம் காட்டப் போனாலும் கையோடு கொண்டு போங்கள்.