பாஸ்வேர்டே கேட்காத சர்வர்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் நான்கு உபுண்டு கணினிகள், ஒரு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிரும் முறை) சர்வர். ஒருவர் சேமித்த கல்யாணப் பத்திரிகை ஃபைலை இன்னொருவர் திருத்திவிடுகிறார். அனுமதி 600தான் (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்). பிறகு எப்படி?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சாதாரண என்எஃப்எஸ் ஆளைச் சரிபார்ப்பதில்லை, கிளையன்ட் (சர்வரோடு இணையும் கணினி) அனுப்பும் பயனர் எண்ணை அப்படியே நம்பிவிடும். உபுண்டுவில் முதல் கணக்குக்கு எண் 1000. நாலு கணினியிலும் முதல் கணக்கையே பயன்படுத்தினால், சர்வருக்கு நாலு பேரும் ஒரே ஆள். டெர்மினலில் ‘ஐடி’ (id) கட்டளை கொடுத்தால் தெரிந்துவிடும்.

ஆளுக்கு ஒரு தனி எண் கொடுத்து, எல்லாக் கணினியிலும் அதையே வையுங்கள். சர்வரிலுள்ள பழைய ஃபைல்களின் உரிமையாளரையும் மாற்றவேண்டும். விட்டால் சொந்த ஃபைலே திறக்காது.

ரூட் ஸ்குவாஷ் (கிளையன்டின் ரூட்டை, அதாவது நிர்வாகி கணக்கை, சர்வரில் உரிமையற்ற சாதாரண ஆளாக்கும் அமைப்பு) இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள். அது ரூட்டை மட்டும்தான் மடக்கும். ரூட் உரிமை உள்ளவர் இன்னொருவரின் எண்ணுக்கு, உதாரணமாக 1002 ஆக மாறி வந்தால் சர்வர் வழிவிட்டுவிடும்.

வெளி லேப்டாப்பும் நெட்வொர்க்கில் சேருமென்றால் கெர்பரோஸ்தான் (ஆளைச் சரிபார்த்து, டிக்கெட் என்ற தற்காலிக அனுமதிச் சீட்டு தரும் முறை) வழி. அதில் ‘கேஆர்பி5பி’ (krb5p) முறை ஆளையும் சரிபார்க்கும், தரவையும் மறையாக்கும். ஆனால் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் டிக்கெட் செல்லாது. பயாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு பேட்டரி) தீர்ந்த கணினியில் கரன்ட் போய் வந்தாலே இது நடக்கும். என்டிபியை (நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) முதலில் அமையுங்கள்.